சாமி பெட்டிக்குள் இருந்த சாவி

நீங்கள் ஒரு யோக்கியனைத் திருடன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது பொய் என்று தெரிந்த பிறகும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

இதை நான் சொல்வது, மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைம் பிரிவுக்குத் தலைவராக உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு. பெயர் போடவில்லை. படித்தால் அவருக்கே தெரியும். அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டது அவர். எழுதிக் கொடுத்தது நான். அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி திருடு போய்விட்டது என்று யாராவது கம்பெனியில் கிளைம் கேட்டால், அது நிஜமாகவே திருடு போனதா, அல்லது விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறார்களா என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. சம்பள ஆள் கிடையாது. கேஸ் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்கு வண்டி தூக்கிக்கொண்டிருந்தேன். தவணை கட்டாதவன் வீட்டு வாசலில் போய் நின்று, பெண்டு பிள்ளைகள் பார்க்கச் சாவியைப் பிடுங்குகிற வேலை. அந்த வேலை பார்த்தவனுக்கு எதிரில் நிற்பவன் எல்லோருமே பொய் சொல்கிறவனாகத்தான் தெரிவான். இந்த வேலைக்கு அது நல்லதுதான் என்று என்னைச் சேர்த்துவிட்டவர் சொன்னார்.

மோசடி நடக்காமல் இல்லை. வில்லாபுரத்தில் ஒருவன் பைக்கைக் காணோம் என்று என் முன்னால் அழுதான். அவன் அம்மாவும் அழுதார். நிஜம்தான் என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே பைக்கை அவன் மச்சான் திண்டுக்கல் பக்கம் ஓட்டிக்கொண்டு திரிந்தது தெரிய வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என்னங்க, ஊர்க்காரன் அழுதா நீங்களும் சேர்ந்து அழுதுடுவீங்களா? கிராமத்து மனசு. இந்த வேலைக்கு அது ஆகாது."

அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கிராமத்து மனசு என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் கேள்வியே இரண்டு சாவி எங்கே என்பதுதான்.

அந்த விதி எல்லோருக்கும் தெரிந்திருக்காது. வண்டி வாங்கும்போது ஷோரூமில் இரண்டு சாவி தருவார்கள். வண்டி திருடு போனால் இரண்டையும் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால், அது வண்டியோடு சேர்த்து யாரிடமோ விற்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். நியாயமான விதிதான். பல திருட்டுக் கதைகள் இந்த ஒரு கேள்வியில் உடைந்திருக்கின்றன.

ஆடி மாதத்தில் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கேஸ் வந்தது. குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி. உரிமையாளர் விவசாயி. என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பம். இவர் கொஞ்சம் நிலம் வாங்கி, கத்திரியும் வெண்டையும் போட்டு, தன் காயோடு பக்கத்துக் காட்டுக்காரர்கள் காயையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கொண்டு வருகிறவர். அந்த வீட்டில் நான்கு சக்கரத்தில் ஓடிய முதல் வண்டி அதுதான்.

வில்லாபுரத்தில் ஒரு மெஸ்ஸில் காய் இறக்கிவிட்டு உள்ளே பேசப் போயிருக்கிறார். காலை பத்தரை மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம். வெளியே வந்தால் வண்டி இல்லை. பூட்டிய சாவி சட்டைப்பையில் இருக்கிறது. அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். மெஸ்காரரும் பார்த்ததைச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போய் என் கேள்வியைக் கேட்டேன்.

"இன்னொரு சாவி எங்க?"

"சாமிகிட்ட இருக்குண்ணே."

"எந்தச் சாமிகிட்ட?"

"எங்க குலசாமி பெட்டிக்குள்ள. தையில வண்டி எடுத்தேன். மாசியில பெட்டி தெறந்தப்ப உள்ள போட்டாச்சு. ஊருக்குள்ள வண்டி எடுக்கிறவுக எல்லாம் அப்படித்தான் போடுவோம். ஒரு சாவி சாமிகிட்ட இருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதும்பாக."

எங்கள் பக்கத்தில் பல குலசாமிகளுக்கு இப்படி ஒரு பெட்டி உண்டு. சாமியின் உடுப்பு, மணி, சலங்கை, திருநீற்றுப் பை எல்லாம் அதற்குள் இருக்கும். வருடம் முழுக்கப் பூட்டி ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். மாசி சிவராத்திரிக்கு மட்டும் கோயிலுக்குத் தூக்கி வந்து திறப்பார்கள். நடுவில் வீடே தீப்பிடித்தாலும் பெட்டியை வெளியே தூக்குவார்களே தவிர, திறக்க மாட்டார்கள்.

"போய்த் தெறந்து எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"வாடிப்பட்டிப் பக்கம்."

"அப்ப உங்களுக்குத் தெரியாமலாண்ணே இருக்கும்."

அவர் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அவருக்கு எல்லாந் தெரியும். தெரியாத மாதிரி கேக்குறாரு. நீங்களும் பதில் சொல்லிக்கிட்டு நிக்கிறீக."

"மாசி வரைக்கும் பொறுங்கண்ணே" என்றார் விவசாயி. "ஏழு மாசம்தான். பெட்டி தெறந்த மறுநாளே சாவியோட நான் பஸ் ஏறி வாரேன். அதுவரைக்கும் வேணும்னா பூசாரிய எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்றேன். அவரு கையாலதான் போட்டது."

பூசாரி வீடு அடுத்த தெருவில் இருந்தது. நடந்தால் இரண்டு நிமிடம். நான் போகவில்லை. அதெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். செல்லுமா செல்லாதா என்று எனக்கே தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் நின்று அதிகாரிக்கு போன் போட்டேன்.

"செகண்ட் கீ?"

"சாமி பெட்டிக்குள்ள இருக்காம் சார். மாசியிலதான் தெறப்பாங்களாம்."

அதிகாரி சிரித்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைச் சொல்லி, அவர்களும் சிரிப்பது கேட்டது.

"இது புதுசா இருக்கே. உங்க பக்கம் நிஜமாவே இப்படியெல்லாம் உண்டா?"

"சும்மா கதை விடுறான் சார்" என்றேன். நானும் சிரித்தேன்.

எங்கள் குலசாமிக்கும் பெட்டி இருக்கிறது. என் பெரியப்பா மகன்தான் அதற்குப் பூசாரி. ஒவ்வொரு மாசியும் அந்தப் பெட்டிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறவன் நான். அந்த விவசாயி சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று, அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் மறுபடியும் கிராமத்து மனசு என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து ஒரு மனிதனைப் பலி கொடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. யாரும் எனக்கு லஞ்சம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலாவது இன்ன காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

'இரண்டாவது சாவி குறித்து உரிமையாளர் அளித்த விளக்கம் நம்பத்தகுந்ததாக இல்லை.' இதுதான் நான் எழுதிய வரி. கிளைம் தள்ளுபடி ஆனது. அதோடு நிற்கவில்லை. மோசடிக்காரர்கள் ஒரு கம்பெனியை ஏமாற்றிவிட்டு இன்னொரு கம்பெனிக்குப் போகாமல் இருக்க, கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்கின்றன. அவர் பெயர் அதில் ஏறியது. அந்தப் பட்டியல் நல்ல காரியம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஒரே வண்டியை மூன்று கம்பெனியில் காட்டிப் பணம் வாங்கியவனை அதை வைத்துத்தான் பிடித்தோம். ஆனால் அதில் பெயரை ஏற்ற என்னைப் போல ஒருவனின் ஒரு வரி போதும். இறக்குவதற்கு வழியே வைக்கவில்லை.

அவர் பழைய வண்டி ஒன்று வாங்கப் பார்த்தார். எல்லாக் கம்பெனியிலும் முழு இன்சூரன்ஸ் தர மறுத்தார்கள். அது இல்லாமல் கடன் தர முடியாது என்று பைனான்ஸில் சொல்லிவிட்டார்கள். தன் காயை ஏற்றி வந்தவர், அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். அதைவிட அவருக்குப் பெரிய அடி மார்க்கெட்டில் விழுந்தது. 'வண்டிய வித்துப்புட்டுச் சாமிய சாட்சிக்கு இழுத்தவன்' என்று அவரைக் காட்டிப் பேசினார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே காதுக்கு வந்தது. கேட்காத மாதிரி இருந்தேன்.

மாசி வந்தது. சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு எங்கள் கோயிலுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து, சாமியின் உடுப்பை எடுத்து உதறினார்கள். என் மனைவி பக்கத்தில் நின்றாள். இந்தக் கேஸை அவளிடம் முன்பு வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன்.

"அங்கயும் இந்நேரம் தெறந்திருப்பாகல்ல" என்றாள். "சாவி இருந்துச்சுன்னா என்ன செய்வீங்க?"

"சாமி கும்புடு."

"நான் கும்புடுறேன். நீங்க என்னத்தக் கும்புடுறீங்கன்னுதான் தெரியல."

மறுநாள் மதியம் கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டில் பூசாரியும் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து விரித்தார். ஒரு சாவி. ஷோரூமில் கட்டிக் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் அட்டைகூடப் பிய்க்கப்படாமல் தொங்கியது. எல்லாவற்றிலும் திருநீறு அப்பியிருந்தது. என் வரியை அப்படியே போட்டுக் கம்பெனி அனுப்பிய தள்ளுபடிக் கடிதத்தை யாரையோ வாசிக்கச் சொல்லி விவசாயியின் மனைவி கேட்டிருக்க வேண்டும்.

"இப்ப நம்பத்தகுந்ததா இருக்காண்ணே?" என்றார்.

அவர் காபி போடப் போனார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம்கூட எனக்கு இல்லை. குடித்தேன்.

சாவியைப் படம் எடுத்து, பூசாரியின் கையெழுத்தோடு அதிகாரிக்கு அனுப்பினேன். என் அறிக்கை தவறு என்றும் எழுதினேன். அவர் போனில் பேசினார்.

"கேஸ் குளோஸ் ஆயிடுச்சு. இப்ப கொண்டு வந்து காட்டினா, இடையில போட்டதா இருக்கலாம்ல? நீங்கதானே நம்ப முடியலன்னு எழுதினீங்க?"

என் வரியை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததுதான் எல்லாவற்றையும் வெட்டவெளிச்சம் ஆக்கியது. எங்கள் வேலையில் இருப்பவர்கள் வேறு வேறு கம்பெனிக்காக ஓடினாலும், தெப்பக்குளம் பக்கத்து டீக்கடையில் ஒன்றாகத்தான் நிற்போம். சந்தேகப்படும் வண்டிகளின் சேஸிஸ் நம்பரை, அதாவது அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் நம்பரை, போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். கம்பெனிகளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்கள். பல திருட்டுகள் அந்த டீக்கடையில்தான் பிடிபட்டிருக்கின்றன. அங்கே பழக்கமான, வேறொரு கம்பெனிக்கு வேலை பார்க்கும் நண்பன் ஒருநாள் கூப்பிட்டான்.

"மாப்ள, வாடிப்பட்டி பைபாஸ்ல ஒரு குட்டியானை இடிச்சிருச்சு. ஆக்சிடென்ட் கிளைம் எங்க கம்பெனிக்கு வந்திருக்கு. சேஸிஸ் நம்பர்ல கை வச்சிருக்கானுக. நம்பர் உங்க கம்பெனி இன்சூரன்ஸ் போட்டிருந்த வேற வண்டியோடது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சேஸிஸில் நம்பர் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, வேறொரு வண்டியின் நம்பர் துண்டை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். அந்த நம்பருக்குரிய வண்டி, முன்பே ஒரு விபத்தில் உருத்தெரியாமல் நொறுங்கிப் போனது. அதன் உரிமையாளருக்குக் கிளைம் கொடுத்துவிட்டு, நொறுங்கியதை எங்கள் கம்பெனி காயலான் கடை விலைக்கு ஏலம் விட்டிருந்தது. ஆர்.சி. புத்தகத்தை ரத்து செய்யாமல், வண்டியோடு சேர்த்தே கொடுத்திருந்தது.

ஏலம் எடுத்தவனுக்கு அந்த இரும்பு தேவையில்லை. புத்தகமும் நம்பரும்தான் தேவை. அதற்குப் பொருத்தமாக, அதே நிறத்தில், அதே மாடலில் ஓடுகிற வண்டி ஒன்று வேண்டும். அதை வில்லாபுரத்தில் ஒரு மெஸ் வாசலில் காலை பத்தரை மணிக்கு எடுத்துக்கொண்டான்.

"அந்த நிறத்துல, அந்த மாடல்ல காணாமப் போனது கல்லுப்பட்டிக்காரர் வண்டிதான். இது அதேதான்னு எப்படி நிரூபிக்கிறது?" என்று கேட்டேன்.

நண்பன் வண்டியைச் சுற்றி வந்தான். "இங்க பாரு. ஸ்டீரிங் பூட்டு புதுசு. டிரைவர் கதவுப் பூட்டு புதுசு. இடது கதவு மட்டும் ஷோரூம்ல வந்த பழைய பூட்டு. கிளீனர் பக்கத்த எவன் சாவி போட்டுப் பூட்டுறான், மாத்தாம விட்டுட்டானுக. ஒங்க சாமி சாவியக் கொண்டாரச் சொல்லு."

போலீஸ்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விவசாயியை வரவழைத்தோம். மஞ்சள் துணியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். இடது கதவு திறந்தது. உள்ளே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் போகாமல் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டேஷ்போர்டைத் தடவினார்.

"ஹாரனக்கூட மாத்திட்டானுகண்ணே" என்றார்.

வண்டி வழக்குக்குச் சாட்சிப் பொருளாகிவிட்டது. அவருக்குக் கிடைக்கப் பல காலம் ஆகும். பெயரையாவது அழிக்கலாமே என்று எல்லாவற்றையும் எழுதி, நேரில் அதிகாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜைக்குள் போட்டார்.

"அந்தப் பேரை எடுத்தா ஏன் எடுத்தோம்னு எழுதணும். எழுதினா அந்த ஸ்கிராப்பைப் புக்கோட யாருக்கு வித்தோம்னு வரும். எதுக்குங்க நமக்கு? விடுங்க. உங்களுக்கு ரெண்டு புது கேஸ் இருக்கு, வாங்கிட்டுப் போங்க."

வாங்கிக்கொண்டு போனேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

போன மாதம் மதுரையில் ஒரு மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வாகனத் திருட்டையும் இன்சூரன்ஸ் மோசடியையும் எல்லோரும் கைகோத்து ஒழிப்போம் என்று பேனர். கம்பெனிகள், ஷோரூம்காரர்கள், பழைய வண்டி வியாபாரிகள், போலீஸ் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். நான் அந்த விவசாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் முடிந்ததும் அதிகாரியிடம் நேராகப் பேச வைக்கலாம் என்று நினைத்தேன். வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். முதல் வரியைக் காட்டி, இது என்னண்ணே என்று கேட்டார். 'இரண்டாவது சாவியை யார் கைக்கும் எட்டாத பாதுகாப்பான இடத்தில் வையுங்கள்' என்று வாசித்தேன்.

"அதைத்தானண்ணே செஞ்சேன்" என்றார்.

அதிகாரி மைக் பிடித்தார். நன்றாகப் பேசுவார். மோசடிக்காரர்கள் எப்படியெல்லாம் கதை கட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இதைச் சொன்னார்: "நம்ம மதுரைப் பக்கத்துல ஒருத்தர். செகண்ட் கீ எங்கய்யான்னா, அது குலசாமி பெட்டிக்குள்ள இருக்கு, சாமி பர்மிஷன் வேணும்னாரு."

மண்டபம் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த விவசாயியும் சிரித்தார். சுற்றிலும் எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருந்தால், அந்த ஆள் தான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து சிரித்தார். நோட்டீஸைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மைக் ஒவ்வொரு வரிசையாக வந்தது. எங்கள் வரிசைக்கும் வந்தது. என் கைக்கு வந்தது. அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவர் திருமங்கலம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க கேப்பீகன்னு நெனச்சேண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்ததும், போயிட்டு வாரேன் என்று ஏறிவிட்டார்.

அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன். நான் பொய் எழுதினேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு எந்தக் கம்பெனியும் கேஸ் தராது. அது எனக்கு வேண்டியதுதான். இனி உங்கள் முறை.

நொறுங்கிய வண்டியை ஆர்.சி. புத்தகத்தோடு யாருக்கு விற்றீர்கள்? அப்படி எத்தனை புத்தகங்கள் உங்கள் கம்பெனியிலிருந்து வெளியே போயிருக்கின்றன? ஒரு பெயரை ஏற்ற ஒரு வரி போதும் என்றால், இறக்க என்ன வேண்டும்? என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். கடிதமும் அனுப்பாதீர்கள். அவரைப் பற்றி மைக்கில் பேசினீர்கள், மண்டபம் நிறைய ஆள் கேட்டது. அதே போல ஆட்களைக் கூட்டி, அவரை முன் வரிசையில் உட்கார வைத்து, மைக்கில் சொல்லுங்கள். அவர் பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் ஏன் இருக்கிறது?